பூட்டாத அலமாரி



ஆண்டுதோறும் இந்த நாளில் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்வது மன்றத்தின் வழக்கம். இந்த ஆண்டு வாசிப்பு வட்டத்தில் இருக்கிற நாங்கள் சிலர் சேர்ந்து எழுதியதை வாசிக்கிறோம். பலர் கூடி எழுதியதால் இதில் 'நான்' என்று பேச ஆளில்லை. தப்பு இருந்தால் அது எங்கள் எல்லோருடைய தப்பு.

யாருடைய நினைவுக்காகக் கூடியிருக்கிறோமோ, அவரை நாம் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டோம். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. பறைக்கும் ஆர்மோனியத்துக்கும் வாத்தியார். மன்றத்தின் புத்தக அலமாரிக்குக் கடைசிவரை அவர் பூட்டுப் போட விடவில்லை. புத்தகம் குறைகிறதே என்று நாம் கணக்குக் காட்டினால், "தொலையலப்பா, படிக்கப் போயிருக்கு" என்பார்.

அவர் விட்டுப்போனது ஒன்பது நோட்டுப் புத்தகங்கள். பனி இறங்கும் இரவில் பறையை எப்போது திரும்பக் காய்ச்ச வேண்டும், திறந்தவெளியில் அடி எப்படிக் கேட்கும், சந்துக்குள் எப்படிக் கேட்கும், ஆர்மோனியத்தின் துருத்தியை இழுக்கிற கை களைத்துப்போனால் பாட்டை எந்த இடத்தில் விட்டுப் பிடிப்பது, இப்படி வாசிப்பவருக்கு வாசிப்பவர் சொல்லும் செய்திகள். அநேகமாக எல்லாக் குறிப்பின் ஓரத்திலும் அதை அவருக்குச் சொன்னவர் பெயர் இருக்கிறது.

இந்த நோட்டுகளை அச்சிடுவதா, பத்திரமாக வைத்துக்கொள்வதா என்று மன்றத்தில் ஆறு மாதமாக வாக்குவாதம். அச்சிட வேண்டாம் என்கிறவர்களின் பயம் நியாயமானது. நம்மிடமிருந்து எடுத்துப்போனதைத் தன் கண்டுபிடிப்பாக மேடையேற்றியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அச்சிட வேண்டும் என்கிறவர்களின் பயமும் நியாயமானது. பெட்டிக்குள் வைத்தால் முதலில் படிப்பது கரையான்.

சொந்த வீட்டு வழக்கைச் சொந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் தீராது. அதனால் நம் கதையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு வேறொரு வாத்தியத்தின் கதையைச் சொல்லப் போகிறோம். வாத்தியார் வாசித்த ஆர்மோனியத்துக்கு ஐரோப்பாவில் ஒரு மூத்த உறவு உண்டு. குழாய் ஆர்கன். அதை வாசிப்பவர்கள் ஒருவருக்கொருவர் வாசிப்பு நுணுக்கங்களை எப்படிக் கொடுத்தார்கள், எப்படி மறைத்தார்கள், யாருக்குக் கொடுக்க மறந்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் அந்த வாத்தியத்தைப் பார்த்துவிடுவோம். ஆர்மோனியத்தில் ஒரு கை காற்றை இழுக்கிறது, மறு கை கட்டைகளில் ஓடுகிறது. துருத்திக்காரரும் வாசிப்பவரும் ஒரே ஆள். குழாய் ஆர்கன் ஒரு கட்டடம் மாதிரி. தேவாலயத்தின் சுவரோடு சுவராக நூற்றுக்கணக்கில், பெரியதென்றால் ஆயிரக்கணக்கில் குழாய்கள் நிற்கும். சில 32 அடி உயரம், சில விரல் நீளம்கூட இல்லை. வாசிப்பவருக்கு முன்னால் இரண்டோ மூன்றோ ஐந்தோ கட்டை வரிசைகள். காலுக்குக் கீழே இன்னொரு வரிசை மிதிகட்டை. எந்தக் குழாய்க் கூட்டம் ஒலிக்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் குமிழ்களை இழுத்துத் தீர்மானிப்பார். அந்தக் குமிழ்களுக்கு ஸ்டாப் என்று பெயர்.

இந்த வாத்தியத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கட்டையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒலி ஒரே அளவுதான். கதவு வைத்த பெட்டிக்குள் இருக்கும் குழாய்களுக்குக் கதவைத் திறந்து மூடி ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். விரலால் முடியாது. அப்படியானால் ஒரு சுரத்தை அழுத்தமாகக் காட்டுவது எப்படி? அதற்கு முந்தைய சுரத்திலிருந்து விரலைக் கொஞ்சம் முன்னதாக எடுத்துவிட வேண்டும். நடுவில் விழும் இம்மி அளவு மௌனத்தால் அடுத்த சுரம் அழுத்தமாக வந்ததுபோல் காதில் விழும். இது சுரத்தாளில் எழுதியிருக்காது. யாராவது சொல்ல வேண்டும்.

ஆர்கன் கலைஞர்களுக்கு அடுத்தவர் சொல் ஏன் அவ்வளவு அவசியம் என்பதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, அது தனிமையான வேலை. வயலின் வாசிப்பவருக்குப் பக்கத்து நாற்காலியில் இன்னொரு வயலின்காரர் இருப்பார். ஒரு தேவாலயத்துக்கு ஆர்கன் கலைஞர் பெரும்பாலும் ஒருவர்தான். இரண்டு, ஒரு ஆர்கன் போல் இன்னொரு ஆர்கன் இருக்காது. தன் வாத்தியத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. வெளியூரில் கச்சேரி என்றால் அங்கே நிற்கும் ஆர்கனைத்தான் வாசிக்க வேண்டும். அதன் குணம் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். மூன்றாவது, வாசிப்பவருக்குத் தன் வாசிப்பு சரியாகக் கேட்காது.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கல் கட்டடத்தில் ஒலி சட்டென்று அடங்காது. பெரிய பேராலயங்களில் ஐந்தாறு விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும். வேகமாக வாசித்தால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடும். குழாய்கள் வாசிப்பவரிடமிருந்து தள்ளி இருந்தால் இன்னொரு சிக்கல். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் ஒலி வாசிப்பவர் காதுக்கு வர விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தும். காதை நம்பி அதற்காகக் காத்திருந்தால் ஒவ்வொரு அடியிலும் பின்தங்கி, பாட்டு இழுபடும். அதனால் மூத்தவர்கள் சொல்வது இது: விரலை நம்பு, தாளத்தை உள்ளே எண்ணு, காதைக் கொஞ்சம் தள்ளி வை.

அப்படியே வழிவழியாக வந்த வேறு சில பேச்சுகளும் உண்டு. இடது கையும் காலும் முதலில் சண்டை போடும், ஏனென்றால் தாழ்ந்த சுரம் தன்னுடையது என்று இடது கை பழகியிருக்கிறது. ஆகவே வலது கையை விட்டுவிட்டு அந்த இரண்டை மட்டும் மெதுவாகப் பழகு. மிதிகட்டையைக் குனிந்து பார்க்காதே, மேடான கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக் காலால் தடவித் தெரிந்துகொள். தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டாம், மெல்லிய தோல் வைத்தது போடு. எல்லா ஸ்டாப்பையும் இழுத்தால் பெரிய ஒலி வரும் என்று நினைக்காதே, ஒன்றை ஒன்று மறைப்பதை விட்டுவிடு. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பேச்சு: "நீ வாசி, நான் கீழே போய் நின்று கேட்கிறேன்."

கவனியுங்கள் தோழர்களே. மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாததைக் கீழே நிற்பவர் சொல்கிறார். அவர் சொல்லாவிட்டால் எப்படிப்பட்ட மேதைக்கும் தன் வாசிப்பின் முழு விவரம் தெரியாது. கைமாற்றுக்குப் பத்திரம் எழுதமாட்டோம், வட்டி கேட்கமாட்டோம். ஆர்கன் கலைஞர்களின் அறிவில் பாதி இப்படி ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த கைமாற்றுதான்.

எல்லோரும் கொடுத்தார்களா? இங்கேதான் நம் வழக்கு தொடங்குகிறது.

ஜெர்மனியில் 1685-இல் பிறந்த யோகான் செபாஸ்டியன் பாக், பத்து வயது முடிவதற்குள் தாயையும் தகப்பனையும் இழந்தார். ஓர்ட்ரூஃப் என்ற சிற்றூரில் ஆர்கன் வாசித்துவந்த அண்ணன் வீட்டில் வளர்ந்தார். அண்ணன் அந்தக் காலத்தின் பெரிய கலைஞர் பாகெல்பெலிடம் பாடம் படித்தவர். அவரிடம் ஒரு கையெழுத்துப் புத்தகம் இருந்தது. பெரிய மேதைகளின் இசைப்படைப்புகள் அதில் இருந்தன. தம்பி கேட்டும் அண்ணன் தரவில்லை. கம்பிப் பின்னல் போட்ட அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பையனின் கை சின்னது. கம்பி இடுக்கில் கையை விட்டு, புத்தகத்தைச் சுருட்டி வெளியே எடுத்து, நிலா வெளிச்சத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து பிரதி எடுத்தான். விளக்கு வைத்துக்கொள்ள அவனுக்கு அனுமதி இல்லை. எடுத்து முடித்ததும் அண்ணன் கண்டுபிடித்து அந்தப் பிரதியையும் பிடுங்கிக்கொண்டார். பாக் இறந்த பிறகு 1754-இல் வெளியான இரங்கல் கட்டுரையில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

பிள்ளைக்குச் சோறு போட்டவரும் அந்த அண்ணன்தான், வாசிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். கெட்டவர் இல்லை. அந்தத் தொழிலில் கையெழுத்துப் பிரதி சொத்து. பணமும் நேரமும் செலவழித்துச் சேர்த்தது. அடுத்தவன் கைக்குப் போனால் விலை குறையும். பூட்டுப் போடுகிற எல்லோரும் தங்கள் பக்கம் ஒரு நியாயம் வைத்திருப்பார்கள்.

அந்தப் பையனுக்கு இருபது வயதானபோது ஆர்ன்ஸ்டட் நகரத் தேவாலயத்தில் வேலை. வடக்கே லூபெக்கில் புக்ஸ்டெஹூட என்ற மூத்த கலைஞர் வாசிக்கிறார் என்று கேள்வி. 1705-இல் நாலு வாரம் லீவு கேட்டுவிட்டுப் புறப்பட்டார். 400 கிலோமீட்டருக்கும் மேல். நடந்தே போனதாக அதே இரங்கல் கட்டுரை சொல்கிறது. நாலு வாரம் என்று போனவர் ஏறக்குறைய நாலு மாதம் கழித்துத் திரும்பினார். மேலதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்தார்கள். பாட்டு வாசிக்கும்போது விநோதமான சுரங்களைச் சேர்த்துச் சபையைக் குழப்புகிறாய் என்றும் கண்டித்தார்கள். கற்றுக்கொண்டது வாசிப்பில் வெளிப்பட்டிருக்கிறது, அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பூட்டிய அலமாரியில் கைவிட்ட பையன் பெரியவரானதும் என்ன செய்தார் என்பது முக்கியம். ஆர்கன் பழகத் தொடங்குபவர்களுக்காக ஒரு சிறு புத்தகம் எழுத ஆரம்பித்தார். 164 பாட்டுகளுக்கு இடம் ஒதுக்கி, 46 மட்டுமே எழுதினார். மிதிகட்டையைத் தனிக் குரலாக வாசிக்கப் பழக்குவதும் அயலான் கற்றுக்கொள்வதும் அதன் நோக்கம் என்று முகப்பில் குறித்துவைத்தார். தன் மூத்த மகனுக்கு ஒன்பது வயதானபோது, 1720-இல், ஒரு பயிற்சி நோட்டுப் போட்டுக்கொடுத்தார். அதில் ஒரு பக்கத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த விரல் என்று எண் எழுதினார்.

அவரிடம் படித்தவர்களும், அந்த மாணவர்களிடம் படித்தவர்களும் விடாமல் பிரதி எடுத்தார்கள். இன்று பாக்கின் ஆர்கன் இசையில் பல அவர் கையெழுத்தில் இல்லை. பிரதிகளில்தான் மிஞ்சியிருக்கின்றன. உலகமெல்லாம் பேய்ப்படங்களில்கூடக் கேட்டுப் பழகிய அந்த டி மைனர் டொக்காட்டா இருக்கிறதே, அதற்கு மூலக் கையெழுத்து கிடையாது. யோகான்னஸ் ரிங்க் என்ற இளைஞர் எடுத்த பிரதியால்தான் அது பிழைத்தது. அது பாக் எழுதியதுதானா என்று சந்தேகப்படும் ஆய்வாளர்களும் உண்டு. யார் எழுதியிருந்தாலும், காப்பாற்றியது பிரதி எடுத்த ஒரு மாணவரின் கை.

அந்த விரல் எண் எழுதிய பக்கத்துக்கும் ஒரு பின்கதை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் இசைப்பள்ளியில் ஆர்கன் வாசிப்புக்குக் கறாரான விதிகள் வந்தன. எல்லாச் சுரத்தையும் இழையோடு இழையாக ஒட்டி வாசி. ஒரே சுரம் திரும்ப வந்தால் அதன் அளவில் சரிபாதியை வெட்டிவிடு. விடோர் கற்பித்தார், அவர் வழியில் வந்த துப்ரே அச்சுப் புத்தகமாகவே போட்டார். அந்த விதிகளால் தெளிவான வாசிப்பு வளர்ந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஒருவர் ஒருவருக்குச் சொன்ன யோசனை அங்கே சட்டமாகிவிட்டது. பாக்கையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று ஆனது. பிறகு வந்தவர்கள் பழைய நோட்டுகளைத் தேடிப் பார்த்தார்கள். மகனுக்காக எழுதிய அந்த ஒரு பக்கத்தில் மூன்றாம் விரலும் நாலாம் விரலும் மாறி மாறி ஏறுகின்றன. அப்படி வாசித்தால் எல்லாச் சுரமும் ஒட்டாது, இரண்டிரண்டாக மூச்சு விடும். பெரிய பள்ளியின் விதியைக் கேள்வி கேட்கத் துணைநின்ற சாட்சிகளில் ஒன்று வீட்டுப் பிள்ளைக்காக எழுதிய நோட்டு. நம் கையில் ஒன்பது நோட்டுகள் இருக்கின்றன என்பதை இந்த இடத்தில் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம்.

இதுவரை மேலே உட்கார்ந்து வாசித்தவர்களைப் பற்றித்தான் பேசினோம். காற்று எங்கிருந்து வந்தது?

மின்சார ஊதுபொறி வருவதற்கு முன்னால், ஆர்கனுக்குப் பின்னால் இருட்டறையில் ஆட்கள் நின்று துருத்தியை மிதித்தார்கள், இழுத்தார்கள். பெரிய ஆர்கனுக்கு ஒருவர் போதாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆலயத்தில் இருந்த ஆர்கனைப் பற்றி ஒரு துறவி லத்தீன் கவிதை எழுதியிருக்கிறார். 400 குழாய், 26 துருத்தி, வேர்வை ஒழுக உழைக்கும் 70 ஆள் என்று கணக்குச் சொல்கிறார். கவிஞர் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பாதியாக வைத்தாலும் அது பெரிய கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

துருத்தி மிதிப்பவருக்கு இசை தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையக் குழாய்கள் ஒன்றாக ஒலித்தால் காற்று வேகமாகத் தீரும். துருத்தியைக் குலுக்கினால் குழாயின் சுருதி நடுங்கும். எந்த இடத்தில் காற்று எகிறிப்போகும் என்று தெரிந்து முன்கூட்டியே மிதித்தவர், பாட்டை உடம்பால் அறிந்தவர். பாக் புது ஆர்கனைச் சோதிக்கப் போனால் முதலில் எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவிட்டு, இதன் நுரையீரல் எப்படி என்று பார்ப்பாராம். அந்த நுரையீரலுக்குப் பின்னால் மனிதர்கள் நின்றார்கள். ஆர்கன் எப்படிக் கட்டுவது என்பதைக்கூட, டோம் பெடோ என்ற பிரெஞ்சுத் துறவி 1766 முதல் 1778 வரை பெரிய தொகுதிகளாக, அளவுகளோடும் படங்களோடும் அச்சிட்டு ஊரறியச் செய்துவிட்டார். தொழில் ரகசியம் வெளியே வந்தது. துருத்திக்காரர் அறிந்ததை உட்கார்ந்து கேட்டு எழுதியவர் என்று ஒருவரை நாங்கள் எங்கேயும் படித்ததில்லை. ஒருவன் அறிவைப் பகிர வேண்டுமானால், அவனிடம் அறிவு இருக்கிறது என்று முதலில் அடுத்தவன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கேட்கப்படாதவர்கள் தாங்களே வழி செய்துகொண்ட கதை ஒன்று. லூயி பிரெயில் என்ற பெயர் நம் பாடப்புத்தகத்தில் உண்டு. மூன்று வயதில் பார்வையை இழக்கக் காரணமான காயம் பட்டவர், புள்ளி எழுத்தைக் கண்டுபிடித்தவர் என்று படித்திருப்போம். அவர் ஆர்கன் கலைஞர் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. பாரிஸ் தேவாலயங்களில் சம்பளத்துக்கு வாசித்தவர். 1829-இல் அவர் தன் முறையை வெளியிட்டபோது புத்தகத்தின் தலைப்பிலேயே சொற்களோடு இசையையும் சேர்த்திருந்தார். பார்வையுள்ளவர்கள் அதற்கு முன் செய்துகொடுத்தது சாதாரண எழுத்தையே புடைப்பாக அச்சிட்ட புத்தகம். தடவித் தடவிப் படிக்கலாம், திரும்ப எழுத முடியாது. அதாவது பெறலாம், கொடுக்க முடியாது. பிரெயிலின் புள்ளிகளை ஒரு மாணவர் தானே குத்தி எழுதி அடுத்த மாணவருக்குத் தரலாம். 1840-களில் பள்ளி நிர்வாகம் அந்த எழுத்தைத் தடுத்தது. மாணவர்கள் மறைவாக எழுதினார்கள். பிரெயில் 1852-இல் இறந்தார். 1854-இல்தான் பிரான்ஸ் அதை ஏற்றுக்கொண்டது.

புள்ளி எழுத்தில் இசை படிப்பது லேசான வேலை இல்லை. வாசிக்கிற கைதான் படிக்கவும் வேண்டும். இடது கையால் தடவிக்கொண்டு வலது கையால் வாசிக்க வேண்டும், பிறகு கையை மாற்ற வேண்டும், பிறகு கால். இரண்டு கையும் சேரும்போது புத்தகம் கிடையாது, மனப்பாடம்தான். அந்தப் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியிலிருந்து வரிசையாகக் கலைஞர்கள் வந்தார்கள். லூயி வியர்ன் 1900 முதல் நோத்ர தாம் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர். 1937-இல் கச்சேரி நடுவில் அந்த ஆர்கனிலேயே உயிர் பிரிந்தது. அதற்கு முன் இசைப்பள்ளியில் பதினேழு ஆண்டு உதவியாசிரியராக இருந்தார். 1911-இல் ஆசிரியர் பதவி காலியானபோது வேறொருவருக்குக் கொடுத்தார்கள். ஆந்த்ரே மார்ஷல், கஸ்தோன் லித்தேஸ், ழான் லாங்லே எல்லோரும் அதே பள்ளி. ஜெர்மனியில் ஹெல்முட் வால்ஹா, இளவயதிலேயே பார்வை போனவர். யாராவது ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வாசித்துக் காட்ட, அவர் மனத்தில் வாங்கி, நாலையும் உள்ளே சேர்த்துக்கொள்வார். பாக்கின் ஆர்கன் இசையை இரண்டு முறை இசைத்தட்டாகப் பதிந்தார். அவருக்காக ஒரு நேரத்தில் ஒரு குரலைப் பொறுமையாக வாசித்துக் காட்டிய கைகளும் அந்தத் தட்டுகளில் இருக்கின்றன.

கடைசியாக அமெரிக்கா. ஃபுளோரன்ஸ் பிரைஸ், 1887-இல் ஆர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் பிறந்த கறுப்பினப் பெண். 1903-இல் பாஸ்டனில் இசைப்பள்ளியில் சேர்ந்தபோது, சொந்த ஊர் என்று மெக்சிகோவின் ஓர் ஊரைப் பதிவு செய்தார்கள். கறுப்பர் என்று தெரியாமல் இருக்கட்டும் என்று தாயார் செய்த ஏற்பாடு. நம்மில் எத்தனை பேர் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது தெருப் பெயரை விழுங்கியிருக்கிறோம்! 1906-இல் ஆர்கனிலும் பியானோ ஆசிரியப் பயிற்சியிலும் இரண்டு பட்டயங்களோடு திரும்பினார். லிட்டில் ராக்கில் இசை ஆசிரியர் சங்கத்தில் சேர விண்ணப்பித்தார். ஆசிரியர்கள் கூடித் தங்களுக்குள் யோசனை கேட்டுக்கொள்ளும் சங்கம். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை, ஊரில் கறுப்பினக் கலைஞர்களுக்கென்று ஒரு குழுவைத் தானே தொடங்கினார்.

1927-இல் சிகாகோ போனார். பிழைப்புக்கு ஊமைப்படக் கொட்டகைகளில் ஆர்கன் வாசித்தார். இளம் கலைஞர் மார்கரெட் பாண்ட்ஸ் குடும்பம் அவருக்குத் துணை நின்றது. இசைப்போட்டிக்குக் கெடு நெருங்கினால், பாண்ட்ஸ் வீட்டுச் சமையலறையில், சுரம் எழுதத் தெரிந்த அக்கம்பக்கத்துக் கறுப்பினக் கலைஞர்கள் எல்லோரும் கூடிப் பிரதி எடுத்துக் கொடுத்தார்களாம். 1933-இல் சிகாகோ சிம்ஃபனி இசைக்குழு அவருடைய முதல் சிம்ஃபனியை அரங்கேற்றியது. ஒரு பெரிய அமெரிக்க இசைக்குழு கறுப்பினப் பெண்ணின் சிம்ஃபனியை வாசித்தது அதுதான் முதல் தடவை. சங்கம் கதவைச் சாத்தியது, சமையலறை திறந்தது.

கதை அங்கே முடியவில்லை. 1953-இல் பிரைஸ் இறந்தார். எழுதியதில் நிறைய அச்சேறவே இல்லை. 2009-இல் இல்லினாய் மாநிலத்தின் செயின்ட் ஆன் என்ற ஊரில், கூரை பிளந்து பாழடைந்து கிடந்த ஒரு வீட்டில் கட்டுக்கட்டாகத் தாள்கள் கிடைத்தன. அவர் கோடைக்குத் தங்கிய வீடு அது. இரண்டு வயலின் கான்சர்ட்டோக்களும் நாலாவது சிம்ஃபனியும் அதில் இருந்தன. மழை இன்னும் நாலு அடி தள்ளி விழுந்திருந்தால் அவை இல்லை. வீட்டுக்குள் வைத்தால் பத்திரம் என்கிற தோழர்கள் இந்த வீட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அதே சமயம், 2018-இல் அவர் படைப்புகளின் உலகளாவிய வெளியீட்டு உரிமையை ஒரு பெரிய நியூயார்க் பதிப்பகம் வாங்கிக்கொண்டது. நல்லதும் நடந்தது, இன்று உலகமெங்கும் வாசிக்கிறார்கள். ஆனால் எதை யார் எந்த விலையில் வாசிக்கலாம் என்ற சாவி அந்தத் தெருவில் இல்லை. வெளியே விட்டால் வேறொருவர் கைக்குப் போகும் என்கிற தோழர்களின் பயமும் கற்பனை இல்லை.

இப்போது நம் திண்ணைக்குத் திரும்புவோம். இந்தக் கதைகளைப் படித்து, பேசி, சண்டை போட்டு, நாங்கள் வந்துசேர்ந்த இடத்தைச் சபையின் முன் வைக்கிறோம்.

நோட்டுகளை அச்சிடுவோம். பூட்டிய அலமாரியால் தடுக்க முடிந்தது கேட்டுத் தெரிந்துகொள்ள வந்த தம்பியை மட்டும்தான். எடுத்துப்போகிறவனுக்குப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை, அவன் மேடையில் பார்த்தே எடுத்துக்கொள்வான். அவனிடமிருந்து நம்மைக் காப்பது பெயர். ஓரத்தில் வாத்தியார் எழுதிவைத்த ஒவ்வொரு பெயரும், ஊரோடு, குறிப்பின் தலையிலேயே வரட்டும். யார் வீட்டுப் பிள்ளைகள் இன்று இருக்கிறார்களோ அவர்களைப் பார்த்துக் கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுப்போம். உரிமை மன்றத்தின் பெயரில் இருக்கட்டும். பழகுகிறவர் யாரும் கையால் எழுதியோ ஜெராக்ஸ் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று முதல் பக்கத்தில் போடுவோம். விற்கவோ மேடையில் காசுக்குக் காட்டவோ நினைப்பவர் வந்து கேட்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் போடுவோம்.

அச்சு மட்டும் போதாது. நம் கலைஞர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. அவர்களுக்கு அச்சுப் புத்தகமும் ஒரு பூட்டுதான். பிரெயிலின் மாணவர்களிடமிருந்து நாம் கற்பது இது: வாங்குபவர் திருப்பிக் கொடுக்கக்கூடிய வடிவத்தில் கொடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு குறிப்பையும் வாய்விட்டு வாசித்து, கூடவே அடித்துக் காட்டி, குரலாகவும் பதிவோம். கேட்பவர் "இது தப்பு, எங்க ஊர்ல இப்படி இல்ல" என்றால் அதையும் பதிவோம். வாத்தியார் சொன்னது என்பதற்காக எதையும் சட்டமாக்க வேண்டாம். அவரே ஒரு குறிப்பின் கீழ் "போன வருசம் நான் எழுதினது சரியில்ல" என்று எழுதி, புதிதாகக் கற்றதைச் சேர்த்திருக்கிறார்.

இன்னொன்று. ஒன்பது நோட்டிலும் நாங்கள் தேடிப் பார்த்தோம். அடிப்பவர்களின் பேச்சு இருக்கிறது, ஆடுபவர்களின் பேச்சு இருக்கிறது. ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வைக்கோலை மூட்டிப் பறை காய்ச்சித் தருகிற பையன்களின் பேச்சு ஒன்றுகூட இல்லை. எந்தத் தோல் எவ்வளவு சூடு தாங்கும் என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். வாத்தியாரும் சிறுவயதில் அந்த வேலை செய்தவர், ஆனாலும் எழுதவில்லை. நம் துருத்திக்காரர்கள் அவர்கள். பத்தாவது நோட்டு அவர்களிடம் கேட்டு எழுதுவதாக இருக்கட்டும். அந்தப் பையன்களில் இரண்டு பேர் இதோ வாசற்படிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் போய்விடாதீர்கள் தம்பிகளா, உங்களிடம் வேலை இருக்கிறது.

அடுத்த ஞாயிறு காலை மன்றத்தின் படிப்பகத்தில் உட்காருகிறோம். முதல் நோட்டைப் பிரித்துப் பிரதி எடுக்கப் போகிறோம். எழுதத் தெரிந்தவர்கள் பேனாவோடு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் அவசியம் வாருங்கள், நாங்கள் வாசிக்கிறோம், நீங்கள் கீழே நின்று கேட்டுச் சொல்லுங்கள். அலமாரி எப்போதும்போல் திறந்திருக்கும்.